உரியவர் மறுத்துவிட்டார்

மாவுக்கட்டு பிரிக்கும் அறைக்குள் கணவனைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய ஒற்றைச் செருப்பையும் செல்போனையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மாவுக்கட்டை அறுக்கும் இயந்திரம் பல் கூசும் சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. அதே நேரத்தில் போனும் அடித்தது. தெரியாத எண். கொஞ்ச காலமாகத் தெரியாத எண்களை அவள் எடுப்பதே இல்லை. ஆனால் இது அவன் போன். கான்ட்ராக்டராக இருக்கலாம், சாரத்திலிருந்து விழுந்தவன் எப்படி இருக்கிறான் என்று இப்போதாவது கேட்கத் தோன்றியிருக்கலாம் என்று நினைத்து எடுத்தாள்.

"வணக்கம். வேலையில அடிபட்டவங்களுக்கான உதவித்தொகை ஆபீஸ்லேர்ந்து பேசறோம். சார் இருக்காங்களா?" ஒரு பெண் குரல்.

"நான் அவர் வீட்டுக்காரி. சொல்லுங்க."

"சாரோட பேங்க் விவரத்த ஒரு தடவ சரிபாக்கணும் மேடம். கணக்கு எண்ணோட கடைசி நாலு நம்பர், அவர் பிறந்த தேதி. ரெண்டும் சொன்னீங்கன்னா சீக்கிரம் முடிச்சிடலாம்."

சீக்கிரம் முடிச்சிடலாம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. அடுத்த கணமே, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு தெளிவு வந்தது.

"ஏம்மா, குரல் நல்லா இருக்கே, வேற ஏதாவது பொழப்பு பாக்கக் கூடாதா?"

"மேடம், நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கால் ஒடிஞ்சு கெடக்கற மனுஷன் காசுலயா கை வைக்கறீங்க? இன்னொரு தடவ இந்த நம்பருக்கு அடிச்சே, நேரா போலீஸ்தான். வை போனை."

வைத்தது அவள்தான். எதிர் பெஞ்சில் கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்த ஒருவர், "சரியா குடுத்தீங்கம்மா. இவனுங்களுக்கெல்லாம் இப்படித்தான் குடுக்கணும்" என்றார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஏதோ மேடையிலிருந்து இறங்கியவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் ஒரு பெரிய மருந்துக்கடையில் காசாளர். கள்ள நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை, கட்டைவிரலுக்கே தெரிந்துவிடும். கடை மூடும்போது கல்லாவும் கணக்கும் ஒன்றோடொன்று கைகுலுக்கிக்கொள்ளும். முதலாளி அவளுக்கு வைத்த பெயர் ஆடிட்டர். "ஆடிட்டரம்மா லீவுன்னா எனக்கே என் கடைய நம்ப முடியல" என்பார். கணவன் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுபவன். அவனும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, சம்பளப் பணத்தை அவள் கையில் கொடுக்கும்போதெல்லாம் "ஆடிட்டர் ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சு" என்று சலாம் போடுவான். வங்கிக் கணக்கு இருவர் பேரிலும் இருந்தது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கணக்கைத்தான் அவள் ஒரு மழை நாள் மாலையில் போனில் தொலைத்தாள். கடையில் ஈரக் குடைகளோடு கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. போனில் பேசியவன் அவளுடைய முழுப்பெயரைச் சொன்னான், எந்தக் கிளை என்று சொன்னான், கார்டு இன்றோடு முடங்கிவிடும் என்றான். மரியாதையான பையன். "ஒரு நிமிஷம்தான் மேடம், சீக்கிரம் முடிச்சிடலாம்." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் இருமல் மருந்தைப் பையில் போட்டபடி, குறுஞ்செய்தியில் வந்த எண்ணை, போனை ஒரு கணம் எடுத்துப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, அந்த வாடிக்கையாளருக்கு மீதிச் சில்லறையைப் பைசா பிசகாமல் எண்ணிக் கொடுத்தாள். அதுதான் பிற்பாடு அவளுக்கு நினைத்து நினைத்து ஆறவில்லை. வேறு நல்ல வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்கச் சேர்த்து வைத்தது முழுவதும் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவன் திட்டவில்லை. தலைமுடியில் வெள்ளைப் பெயின்ட் துளிகளோடு வந்தவன், நின்றபடியே கேட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்தான். "சாப்பிட்டியா?" என்றான். மறுநாள் வேலைக்குப் போகாமல் இன்னொரு வங்கியில் தன் பேரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டு வந்தான். "இனிமே இதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள், அழுதிருப்பாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து முடித்திருப்பாள். அந்தக் கோபமில்லாத வார்த்தையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விழுங்கிவிட்டாள். ஆடிட்டர் என்று அவன் அதன் பிறகு கூப்பிடவில்லை. கடையில் முதலாளி கூப்பிட்டால், காசு எண்ணும் சாக்கில் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆகவே மருத்துவமனையிலிருந்து வாடகைக் காரில் திரும்பும்போது, புதிய சின்னக் கட்டோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தவனிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். குரலை மாற்றி மாற்றி, இருவர் பேசியதையும் நடித்தே காட்டினாள். வண்டி ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கணவனும் சிரித்தான், விழுந்த பிறகு முதல் தடவையாக.

"பரவாயில்லயே. தேறிட்டே."

இரண்டே வார்த்தை. அன்று இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அவள் பாடிக்கொண்டே கழுவினாள்.

மாதம் பிறந்து பாதி போனது. உதவித்தொகை வரவில்லை. அவள் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் இழுத்துப் பிடித்தால் போதும், அவ்வளவுதான். அவன் காலுக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் போவதை நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறைக்கும் கையில் காசு வைத்தால்தான் அவர் காலைத் தொடுவார். கட்டுக்குள் தசை கரைந்து, கணுக்கால் துருப்பிடித்த கீல்மாதிரி ஆகிவருவது அவளுக்கே தெரிந்தது. சாரத்தில் ஏறுகிறவனுக்குக் கணுக்கால் மடங்காவிட்டால் பிறகு என்ன இருக்கிறது? அவன் தங்கை ஒருநாள் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணா, பக்கத்து வீட்டுக்காரருக்கெல்லாம் வந்துடுச்சாம். உனக்கு மட்டும் ஏன் வரல? அண்ணி, நீங்க எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்றாள். நாத்தனாருக்கு அந்த மழை நாள் விவகாரம் தெரியும். கேள்வியில் விஷமம் இருந்ததா என்று தெரியவில்லை. அவளுக்கு மட்டும் அது சுருக்கென்று தைத்தது.

தங்கை போன பிறகு அவன் உதவித்தொகை அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டான். காத்திருக்கச் சொல்லும் இசை ஓயாமல் ஓடியது. காதோடு வைத்திருக்கக் கை வலித்து, ஒலிபெருக்கியைப் போட்டுப் போனைத் தலையணைமேல் வைத்தான். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் ஓர் ஆண் குரல், எழுதி வைத்ததைப் படிப்பதுபோலச் சொன்னது:

"வங்கி விவரம் உறுதி செய்யப்படாததால நிறுத்தி வெச்சிருக்கு சார். உரியவரைத் தொடர்புகொண்டோம். உரியவர் மறுத்துவிட்டார்."

"யாரு மறுத்தது? எப்ப?"

குரல் ஒரு தேதியைச் சொன்னது. அவன் எதையோ கணக்குப் பார்ப்பவன்போலக் கூரையைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி அடுப்படியைப் பார்த்தான். அவள் அடுப்பை அணைத்தாள். எதற்காக அணைத்தாள் என்று தெரியவில்லை, குழம்பு இன்னும் கொதிக்கவில்லை.

"அப்ப நிஜமாவே ஆபீஸ்தான்" என்றான் அவன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நம்பக் கூடாதவனை நம்பினே. இன்னைக்கு நம்ப வேண்டியவளை விரட்டி விட்டுட்டே."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதாங்க பேசினாங்க."

"அதெப்படி ஒரே மாதிரி இருக்கும்?"

"ரெண்டு பேரும் மேடம்னாங்க. ரெண்டு பேரும் சீக்கிரம் முடிச்சிடலாம்னாங்க. ரெண்டு பேரும் நம்பர்தான் கேட்டாங்க. குரல்ல என்ன, முத்திரையா குத்தியிருக்கு?" அவள் குரல் உயர்ந்தது. "நீங்கதானே பரவாயில்லன்னு சிரிச்சீங்க?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தான். கட்டுப்போட்ட கால் விடவில்லை. கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கக்கூட முடியாத மனிதனைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. போய்க் காலைப் பிடித்து, அவன் திரும்ப உதவினாள். அவனும் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் கடையில் அரைநாள் கேட்டுக்கொண்டு அவனை அழைத்துக்கொண்டு போனாள். சரிபார்ப்புப் பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஊன்றுகோல்களை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீளமான கூடம், நெருக்கமான நாற்காலிகள், எண் போட்ட சீட்டு. கழுத்தில் பட்டை கட்டியவர், விரல் போனவர், தூங்குகிற குழந்தையோடு ஒரு பெண். எல்லோரும் ஒரே மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஜலதோஷம் பிடித்த, வயது முப்பதுகூட இராத ஓர் இளம்பெண், மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உக்காருங்க. பேரு, விண்ணப்ப எண் சொல்லுங்க" என்றாள்.

அந்தக் குரல். ஜலதோஷத்துக்கு அடியிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தான் வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிடும். திறக்கவே கூடாது என்று முடிவு செய்தாள். அடையாள அட்டை கேட்டபோது எடுத்து நீட்டினாள். "நீங்க மனைவியா?" என்றபோது தலையை ஆட்டினாள். "மேடத்துக்குப் பேச்சு வராதா சார்?" என்று அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள். "வரும், வரும்" என்றான் அவன். "நல்லாவே வரும்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "சார், விஷயம் இதுதான். நீங்க அடிபடறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் இந்தக் கணக்கத் தொடங்கியிருக்கீங்க. முன்ன தொழிலாளியா பதிவு பண்ணினப்ப எங்ககிட்ட குடுத்திருந்த பழைய கணக்க எடுத்துட்டு இத மாத்தச் சொல்லியிருக்கீங்க. அப்படி மாத்தினா பணம் தானாவே நின்னுடும், நாங்க விசாரிச்சுட்டுத்தான் விடணும். படுத்த படுக்கையா இருக்கறவங்க பணத்த, வேற யாரோ அவங்க பேர்ல கணக்கு மாத்தி எடுத்துட்டுப் போறாங்க. சில சமயம் வெளியாள். சில சமயம் சொந்தக்காரங்க. அதான் கேக்கறேன். கணக்க ஏன் மாத்தினீங்க?"

பணம் நின்றது அவள் போனை வைத்ததால் மட்டும் இல்லை. அதற்கும் முன்னாலேயே, அவன் அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க் கணக்குத் தொடங்கிய அன்றைக்கே நின்றுவிட்டது. இது அவளுக்கு உறைத்த அதே வேளையில் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவன் ஊன்றுகோலின் ரப்பர் நுனியைத் தரையில் தேய்த்தான்.

"பழைய பேங்க் தூரம்" என்றான்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பழைய பேங்க் உங்க தெருவுலயே இருக்கு சார். புதுசுதான் ஊருக்கு அந்தப் பக்கம்." குரலில் குத்தல் இல்லை. "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. ஆனா இந்தப் பதிலை நான் போட்டா, இது எனக்கு மேல ஒருத்தர்கிட்ட போகும். அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். இன்னும் நாளாகும்."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். அவன் அவளைக் காட்டிக்கொடுக்கத் தயங்குகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை மாதமும் வீட்டுக்குள் அந்தப் பேச்சை எடுக்காமலே அவளைத் தண்டித்தவன், வெளியாள் முன்னால் அதே பேச்சை எடுக்காமல் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறான். இரண்டும் ஒரே மௌனம்தான் என்பது அவளுக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

"நான் ஏமாந்துட்டேங்க" என்றாள் அவள். "போன்ல ஒருத்தன் நம்பர் கேட்டான், சொல்லிட்டேன். சேத்து வெச்சது மொத்தமும் போச்சு. ரெண்டு பேர் பேருல இருந்த கணக்கு. அதனாலதான் இவர் தனியா தொடங்கினார். நான் காசாளர்ங்க. நாளெல்லாம் காசுதான் எண்றேன். எனக்கே அப்படி ஆயிடுச்சு."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இடி விழும் என்று நினைத்திருந்தாள். அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"மேடம், வேற ஏதாவது பொழப்பு பாக்கச் சொன்னது நீங்கதானே?"

அவளுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. "மன்னிச்சுக்கம்மா. குரல் நல்லாருக்குன்னும் சொன்னேன்."

அந்தப் பெண் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அத எங்க செக்ஷன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு வாரம் என்னைப் பாடச் சொல்லிக் கொன்னுட்டாங்க."

"நெஜமாவே உங்க ஆபீஸுன்னா நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள், ஆற்றாமையோடு.

"தெரிஞ்சுக்க முடியாது" என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக. "நாங்க கூப்பிட்டா ஒண்ணும் சொல்லாம வெச்சிடுங்க. நாங்க உங்களுக்குக் குடுத்த அட்டைக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அதுக்கு நீங்களா கூப்பிடுங்க. அத யாராலயும் மாத்த முடியாது."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். எங்க விட்டீங்க?"

பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அதுவரை பேசாமலிருந்த கணவன் முன்னால் சாய்ந்தான். "அதுல உரியவர் மறுத்துட்டார்னு போட்டிருக்காமே."

"ஆமா சார்."

"அத மாத்த முடியுமா?"

"இன்னைக்கு நீங்க நேர்ல வந்ததே போதும் சார், அது இருந்தாலும் பரவாயில்ல."

"அதுக்கில்ல." அவன் சொல்லத் தெரியாமல் கையை விரித்தான். நகக்கண்களில் பழைய பெயின்ட் இன்னும் இருந்தது. "மறுத்தது தப்புங்கற மாதிரி இருக்கு. அவ சரியாத்தானே பண்ணினா? யாருன்னே தெரியாம எப்படிச் சொல்லுவா? அப்படி ஏதாவது போட முடியுமா?"

அந்தப் பெண் யோசித்தாள். "சொன்னார், மறுத்தார், எடுக்கல. இந்த மூணுதான் சார் இருக்கு. சரியா மறுத்தார்னு ஒண்ணு இல்ல." பிறகு, "கீழ குறிப்புன்னு ஒரு எடம் இருக்கு. யாரும் படிக்க மாட்டாங்க. எழுதறேன்" என்றாள். அவள் விரல்கள் கொஞ்ச நேரம் ஓடின. திரை அவள் பக்கம் இருந்தது. என்ன எழுதினாள் என்று இவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"பணம் எப்ப வரும்?" என்றான் அவன்.

"இந்த மாசச் சுத்துப் போயிடுச்சு. அடுத்ததுல வரணும். வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, இன்னொருத்தரும் பாக்கணும். ஏதாவது கேக்கணும்னா யாரைக் கூப்பிடட்டும்? உங்க நம்பரேவா?"

அவன் மனைவியைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவளைக் கூப்பிடுங்க. அவ பேசுவா."

அவள் தன் எண்ணைச் சொன்னாள். தினமும் யார் யாருக்கோ எத்தனையோ எண்களைச் சொல்கிற வாய்தான். நடுவில் ஒருமுறை தடுமாறி, முதலிலிருந்து சொன்னாள்.

வெளியே வந்தால் லிஃப்ட் வாசலில் மஞ்சள் பலகை. பழுது பார்க்கிறார்களாம், மதியத்துக்கு மேல்தான் ஓடுமாம். அவள் அதற்குள் கடைக்குப் போயாக வேண்டும். "படி இருக்குல்ல" என்றான் அவன். ஊன்றுகோல்களைத் தட்டிக்கொண்டு படிக்கட்டின் உச்சியில் போய் நின்றான். அவர்கள் வீடு தரைத்தளம். படி இறங்கும் பயிற்சிக்குள் போவதற்கு முன்பே காசு தீர்ந்து அவர்கள் அங்கே போவதை நிறுத்தியிருந்தார்கள்.

அவன் கீழே பார்த்தான். அகலமான படிகள், நடுவில் கிணறுமாதிரி இடைவெளி, நாலு மாடிக்குக் கீழே யாரோ குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண் பலகைமேல் நின்று பாட்டுப் பாடிக்கொண்டு மூன்றாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் வெள்ளையடித்தவன் அவன். முதல் படிக்கு நீட்டிய ஊன்றுகோலை அவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் இரு" என்றான்.

"அவசரமில்ல."

மேலிருந்து இறங்கிய இரண்டு பேர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் ஓர் ஊன்றுகோலை அவனிடமிருந்து வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவன் கையை எடுத்துக் கைப்பிடிக் கம்பியில் வைத்தாள். பிறகு அவனுக்கு முன்னால் போய், ஒரு படி இறங்கி, அவனைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் மொத்தப் படிக்கட்டும் இருந்தது. அவன் மற்றக் கையை அவள் தோளில் வைத்தான். முதலில் விரல்கள், பிறகு உள்ளங்கை, பிறகு மெதுவாக அவன் பாரம்.

அவள் பின்னால் பார்க்காமல், குதிகாலால் அடுத்த படியைத் தடவித் தேடினாள்.